பானைக்கு ஏற்ற கேக் மாவு

மாலை நாலரை மணி இருக்கும். அடுத்த தெருப் பெண் மஞ்சள் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். பைக்குள் மூன்று கேக் மிக்ஸ் பாக்கெட்டுகள், கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. டப்பாவைத் திறந்து காட்டும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே கேக்கின் துகள்தான் இருந்தது.

"அத்தை, பானை மாதிரி செதுக்கலாம்னு கத்தி வெச்சேன். மண்ணு மாதிரி கொட்டிடுச்சு."

டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரு டம்ளர் டீயில் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை என்பதால் இரண்டாவது தடவைக்கும் சேர்த்தே பால் வைத்தேன்.

அவளுக்கு வந்திருந்த ஆர்டர் எங்கள் உத்திரமேரூருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. வரலாற்று ஆசிரியர் ஒருவருக்கு ஏப்ரல் கடைசியில் வழியனுப்பு விழா. ஆண்டுதோறும் பிள்ளைகளை வரிசையாக வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு அழைத்துப்போய், சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைக் காட்டிப் பாடம் நடத்தியவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டியவை அவை. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறையை விதி விதியாகச் சொல்பவை. அந்தக் குடத்தைக் கேக்காகச் செய்து, ஓலைக்கு ஓலை தங்கள் பெயரை எழுதித் தர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். இரண்டு கிலோ. ஆசிரியர் முட்டை சாப்பிடாதவர், அதனால் எக்லெஸ்.

இப்படி ஓர் ஆர்டர் கெட்டுப்போக விடக் கூடாது என்று எனக்கே பிடிவாதம் வந்துவிட்டது.

முதலில் அவள் மனதிலிருந்த ஓர் எண்ணத்தை எடுக்க வேண்டியிருந்தது. கேக் என்றால் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும், எவ்வளவு மிருதுவோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாக்கெட்டின் முன்பக்கமும் அப்படித்தான் சொல்கிறது. க்ரீம் தடவி, மேலே பெயர் எழுதி, வெட்டிச் சாப்பிடுகிற வட்டக் கேக்குக்கு அது சரி. செதுக்குகிற கேக்குக்கு வேலை வேறு. கத்தி பட்ட இடத்தில் முகம் நிற்க வேண்டும். மேலே இருக்கிற பாதியைக் கீழே இருக்கிற பாதி தாங்க வேண்டும். இரண்டுக்கும் மேல் ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரைப் போர்வை ஒன்று அரைக் கிலோ எடையில் உட்காரும்.

"காஞ்சிபுரம் கோயில் குடலை இட்லி சாப்பிட்டிருக்கியா?" என்று கேட்டேன். சாப்பிட்டிருந்தாள். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் அந்த இட்லியில் அரிசியும் உளுந்தும் கொரகொரவென்று அரைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைக்கிறார்கள். மரக்கட்டை மாதிரி முழுசாக எழுந்து நிற்கும்; கத்தியால் வட்ட வட்டமாக அரியலாம். நம் வீட்டு மல்லிகைப்பூ இட்லியை அப்படி அரிந்து பார்க்கட்டும். இரண்டும் அரிசி, உளுந்துதான். அரைத்த பதமும் மாவில் எவ்வளவு காற்று நின்றது என்பதும்தான் வேறு. "நீ மல்லிகைப்பூ இட்லியைச் செதுக்கப் பார்த்திருக்கே. நமக்கு வேண்டியது குடலை இட்லி."

மூன்று பாக்கெட்டையும் திருப்பிப் பின்பக்கம் படிக்கச் சொன்னேன். கேக் செய்கிற யாரும் இதை ஒருமுறையாவது பொறுமையாகச் செய்ய வேண்டும். மைதா, சர்க்கரை, பால் பொருள், ஸ்டார்ச் என்று வரிசை போகும். கடைசியில் எண்கள் வரும். 500 சோடா வகை; 450, 541 அதோடு வினைபுரியும் அமில உப்பு வகை. மாவுக்குள் குமிழி உண்டாக்குபவை. 471, 475, 477 ஆகியவை எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து, உள்ளே போன காற்றை வெளியே விடாமல் வைத்திருப்பவை. 415 என்றால் சாந்தன் கம், மாவைக் கெட்டியாக்கும் பசை. இவற்றில் பயப்பட எதுவும் இல்லை. எந்தப் பாக்கெட் எந்த வேலைக்கு என்று மட்டும் இவற்றிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

அவள் கொண்டுவந்ததில் ஒன்று, மளிகைக் கடையில் கிடைக்கும் வீட்டு உபயோக எக்லெஸ் வெனிலா மிக்ஸ். இரண்டாவது, பேக்கரிகள் வாங்கும் ஸ்பாஞ்ச் பிரீமிக்ஸ். அதில் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு பீட்டரை வேகமாக ஓட்டினால் மாவு நுரைத்துப் பொங்கும். பிறந்தநாள் கேக் கடைகள் இதை விரும்புவதில் நியாயம் உண்டு. கொஞ்ச மாவில் பெரிய கேக் வரும். கொட்டியது இதுதான். மூன்றாவதை, காஞ்சிபுரத்துக் கடைக்காரர் "இதையும் பாருங்க" என்று கொடுத்தாராம்: எக்லெஸ் மஃபின் மிக்ஸ். பவுண்ட் கேக், க்ரீம் கேக், மஃபின் என்ற பெயர்களில் வருகிற பிரீமிக்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம். எண்ணெய் அதிகம் பிடிக்கும், மெதுவாகக் கலக்கச் சொல்வார்கள், மாவு கெட்டியாக இருக்கும். முந்திரியும் செர்ரியும் அடியில் போய்த் தேங்காமல் நடுவில் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த மிக்ஸ் அது. செர்ரியைத் தாங்குகிற மாவு கத்தியையும் தாங்கும்.

கடையில் எதை வாங்கினாலும் வீட்டில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இதை மட்டும் அவளை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒரு காபி டம்ளரைத் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடையைக் குறித்துக்கொள். அதே டம்ளரைத் துடைத்து, கலக்கிய கேக் மாவை அதே விளிம்பு வரை நிரப்பி எடை பார். தண்ணீர் 100 கிராம் பிடித்தால், ஸ்பாஞ்ச் மாவு 50 கிராமுக்குப் பக்கத்தில்தான் வரும்; மீதி பாதி காற்று. பவுண்ட் கேக் மாவு 85, 90 என்று நிற்கும். செதுக்கப் போகிற மாவு 80க்குக் கீழே வந்தால் நான் அதைச் செதுக்க எடுக்கமாட்டேன், வட்டக் கேக்காக ஊற்றிவிடுவேன்.

டீ ஊற்றிக் கொடுத்தேன். "அப்போ மத்த ரெண்டு பாக்கெட்டும் வீணா?" என்று கேட்டாள். வீணில்லை. மாற்றிக்கொள்ளலாம். கேக் மிக்ஸ் பிறந்த கதையே மாற்றிக்கொண்ட கதைதான். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் டஃப் என்ற குடும்பத்து நிறுவனம் கரும்புப் பாகு வியாபாரம் செய்துவந்தது. அந்தப் பாகை மாவோடு சேர்த்துக் காயவைத்துப் பொடியாக்கி, தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்று 1933இல் காப்புரிமை வாங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து வாங்கிய இன்னொரு காப்புரிமையில், பெண்கள் தங்கள் கையால் புது முட்டையை உடைத்துச் சேர்க்கவே விரும்புகிறார்கள் என்று, அதிலிருந்த முட்டைப் பொடியை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பாக்கெட்டோடு எதையாவது சேர்த்துத் தனதாக்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்த நாட்டில் கேக் அலங்காரம் செய்பவர்கள் வெள்ளைக் கேக் மிக்ஸில் மைதா, சர்க்கரை, புளித்த க்ரீம், பாதாம் எசன்ஸ் சேர்த்து இறுக்கமாக்குகிறார்கள். நமக்குப் புளித்த க்ரீம் எதற்கு? தயிர் இருக்கிறது.

500 கிராம் எக்லெஸ் மிக்ஸுக்கு நான் செய்வது இது. 100 கிராம் மைதாவும் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரும் சலித்துச் சேர்ப்பேன். சோடாவோ பேக்கிங் பவுடரோ கூடுதலாகப் போடமாட்டேன். மாவு கூடி, பொங்குகிற சக்தி அப்படியே இருந்தால் கேக் தானாக இறுகும். புதுத் தயிரைத் துணியில் கட்டி நாலைந்து மணி நேரம் தொங்கவிட்டு, வடிந்த கெட்டித் தயிரில் 100 கிராம். புளித்த தயிர் கூடாது. புளிப்பும் பாக்கெட்டில் இருக்கிற சோடாவும் சேர்ந்து தேவையில்லாமல் பொங்கவைக்கும். பாக்கெட்டில் சொன்ன தண்ணீர் அளவுக்குப் பால். எண்ணெய் அளவுக்கு உருக்கிய வெண்ணெய். இனிப்பு குறைந்துவிடாமல் 50 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. கையால், கரண்டியால், ஒரே பக்கமாகக் கலக்க வேண்டும். பீட்டர் வேண்டாம். கரண்டியைத் தூக்கினால் ஓடாமல், சோம்பலாகச் சறுக்கி விழுகிற பதம்.

எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் எதற்கு என்று கேட்டாள். நல்ல கேள்வி. சூரியகாந்தி எண்ணெய் ஃப்ரிட்ஜிலும் எண்ணெயாகவே இருக்கும். வெண்ணெய் ஃப்ரிட்ஜில் கல்லாகும், கேக்கையும் தன்னோடு இறுக்கிப் பிடிக்கும். ஆனால் 32, 34 டிகிரி தாண்டினால் வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும். நம் ஊர் ஏப்ரலில் மதியம் சமையலறை அதற்கும் மேலே. ஆகையால் செதுக்குகிற வேலை விடியற்காலையில், அல்லது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு.

முட்டை இல்லாத கேக்கில் இன்னும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். முட்டை வெந்தால் அதன் புரதம் கெட்டியாகி, கேக்குக்குள் வலை பின்னிக்கொண்டு நிற்கும். பால் புரதம் சூட்டில் அப்படி உறையாது. எக்லெஸ் கேக்கை நிறுத்துவது பெரும்பாலும் மைதாவின் ஸ்டார்ச்தான். அந்த ஸ்டார்ச்சுக்கு ஓர் இரவு கொடுக்க வேண்டும். சுடச்சுட இட்லியைத் துண்டு போட்டுத் தாளிக்க முடியுமா? மசிந்துவிடும். நேற்றைய இட்லியை எடுத்தால் சதுரம் சதுரமாக வெட்டலாம். தண்ணீரைக் குடித்து ஊதிய ஸ்டார்ச் இழைகள், ஆறும்போது மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி வரிசையில் உட்காருகின்றன. இது மிக வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜ் குளிரில், ஏறக்குறைய 4 டிகிரியில். ஃப்ரிட்ஜில் வைத்த ரொட்டி வெளியில் வைத்ததைவிடச் சீக்கிரம் விறைப்பதும் இதனால்தான். ரொட்டிக்கு அது குறை. செதுக்குகிறவளுக்கு அதுதான் வரம். அவள் காலையில் சுட்டு மதியமே கத்தி வைத்திருந்தாள். சரியான மிக்ஸாக இருந்திருந்தாலும் பாதியாவது கொட்டியிருக்கும்.

சுடுவதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 160 டிகிரிக்கு மேல் வேண்டாம். சூடு கூடினால் நடுவில் மலை எழும்பி வெடிக்கும். பானைக்கு வட்டத் தட்டில் சுட்டு நிறைய வெட்டி வீணாக்குவதை விட, 16 சென்டிமீட்டர் வாயுள்ள எவர்சில்வர் கிண்ணம் இரண்டு போதும். கழுத்துக்கு மட்டும் சின்ன வட்டம் ஒன்று. ஒன்றரை பாக்கெட் மாவு கலந்தால் எல்லாம் வரும். கிண்ணத்தின் நடுப்பகுதி ஆழம் என்பதால் நேரம் பிடிக்கும். ஈர்க்குச்சியை அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும், டூத்பிக் எட்டாது. ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பு பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சிறு தீயில் வைக்கலாம், நானே நாலு வருஷம் அப்படித்தான் செய்தேன். வெந்ததும் பத்து நிமிஷம் விட்டுக் கவிழ்த்து, வெதுவெதுப்பு அடங்குவதற்குள் க்ளிங் ஃபிலிமில் இறுகச் சுற்றி, ஆறியபின் ஃப்ரிட்ஜ். மறுநாள் செதுக்குவதற்கு முன் அரை மணி ஃப்ரீசர்.

இரண்டாவது டீ வந்தபோதுதான் என் யானைக் கதையைச் சொன்னேன். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு யானை கேட்டார்கள். உடம்பு நன்றாக வந்தது. தும்பிக்கையையும் கேக்கிலேயே செதுக்கி, குச்சி குத்தி நீட்டிவைத்தேன். வந்தவாசி சாலையில் மூன்றாவது வேகத்தடையில் தும்பிக்கை மடியில் விழுந்தது. அந்தக் குழந்தையின் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்றும் மறக்க முடியவில்லை. கேக்கால் நிற்க முடியாத இடம் என்று ஒன்று உண்டு. அங்கே கேக்கை வற்புறுத்தக் கூடாது. கொம்பு, தும்பிக்கை, தூக்கிய கை, பெரிய தலை போன்றவற்றுக்கு வெளிநாட்டில் அரிசிப் பொரியை மார்ஷ்மெல்லோவில் பிடித்து உருவம் செய்கிறார்கள். அதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது, நம் கார்த்திகைப் பொரி உருண்டைதானே அது! உருட்டுப் பதப் பாகில் பொரியைக் கிளறி, சூட்டோடு அழுத்திப் பிடித்தால் எந்த உருவமும் வரும், எடையும் இல்லை. காற்று ஈரத்தில் நமத்துப் போகாமல் இருக்க, ஆறியதும் உருக்கிய சாக்லேட் ஒரு பூச்சு.

ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரி வருஷா வருஷம் கிறிஸ்துமஸை ஒட்டி ஆளுயரக் கேக் சிலை செய்துவைப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இளையராஜா, பாரதியார் போன்றவர்கள் அங்கே நின்றிருக்கிறார்கள். 2020 டிசம்பரில், மறைந்து ஒரு மாதமே ஆன மரடோனாவுக்கு 6 அடி உயரத்தில் சிலை செய்தார்கள். நான்கு நாள் வேலை, 60 கிலோ சர்க்கரை, 270 முட்டை என்று செய்தி சொன்னது. அந்த எண்ணிக்கையை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 270 முட்டை, ஓடு நீக்கி, பதின்மூன்று பதினான்கு கிலோ வரும். சாதாரண ஸ்பாஞ்ச் கேக்கில் சர்க்கரையும் முட்டையும் ஏறக்குறைய சம எடை. இங்கே சர்க்கரை நாலு மடங்குக்கு மேல். அப்படியானால் அந்த மனிதர் நின்றது பெரும்பாலும் சர்க்கரையால், அதாவது மேலே பூசி வடித்த ஐசிங்கால் என்றுதான் எனக்குப் படுகிறது. பெரிய சிலை செய்பவர்களே கேக்கிடம் அவ்வளவு எதிர்பார்ப்பதில்லை. நாமும் எதிர்பார்க்க வேண்டாம்.

பானைக்கு வருவோம். அடிக் கிண்ணத்துக் கேக்கின் உருண்டை அடியைச் சமமாக ஒரு வெட்டு. உட்கார இடம் வேண்டும். நிஜப் பானைக்கு வைக்கிற மாதிரி அடியில் ஒரு பிரிமனை செய்துவிடச் சொன்னேன், பொரியில் செய்து, வைக்கோல் நிறத்தில் ஃபாண்டன்ட் திரித்துச் சுற்றினால் அழகுக்கு அழகு, பானையும் உருளாது. அடிப்பாதியில் கெட்டி ஜூஸ் ஸ்ட்ரா நான்கை நிறுத்தி, கேக் மட்டத்துக்கு நறுக்கிவிட வேண்டும். அதன் மேல் வட்ட அட்டை. மேல்பாதியின் எடை அட்டை வழியாக ஸ்ட்ராவுக்குப் போய்விடும், கேக் மேல் ஏறாது. பிறகு மேல்பாதி, அதன் மேல் கழுத்து.

கத்தி ரொட்டி வெட்டுகிற பல்லுக் கத்தி. மேலிருந்து கீழே வர வேண்டும். மாமல்லபுரத்து ரதங்களையும் மேலிருந்துதான் குடைந்துகொண்டு வந்தார்கள். சில ரதங்களில் உச்சி முடிந்து அடிப்பகுதி முடியாமல் நிற்பதைப் பார்த்தாலே தெரியும். ஒரு தடவைக்கு விரல் கனத்துக்கு மேல் எடுக்காதே, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டடி பின்னால் போய் நின்று பார் என்றேன். எடுத்த துகளைக் கொட்டாமல், சாக்லேட்டும் க்ரீமும் கலந்த கனாஷ் கொஞ்சம் விட்டுப் பிசைந்து வைத்துக்கொண்டால், குழி விழுந்த இடத்தை அடைக்கக் களிமண் மாதிரி உதவும். பானையின் வாய் விளிம்பை அதிலேயே திரட்டிவிடலாம்.

ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் விப்பிங் க்ரீம் வேண்டாம். ஃபாண்டன்ட் எடையில் நசுங்கி வழியும். டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, க்ரீம் ஒரு பங்கு என்பது சாதாரணக் கனாஷ். நம் வெயிலுக்கு மூன்றுக்கு ஒன்று. பூசி, ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, சூடு காட்டிய கத்தியால் நீவினால் குயவர் கை பட்ட வழவழப்பு வரும். சர்க்கரைப் பாகு தெளித்து நனைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு, இதில் கூடாது. ஈரம் கீழே இறங்கி அடிப்பாதியைக் கூழாக்கும்.

ஓலை அவளே யோசித்து வைத்திருந்தாள். காய்ந்து விறைப்பதற்காக ஃபாண்டன்டில் சி.எம்.சி. பொடி கொஞ்சம் பிசைந்து மெல்லிசாகத் தேய்த்து, விரல் நீளத்துக்குக் கீற்றுக் கீற்றாக வெட்டி, மூன்று நாள் முன்பே காயவைத்து, சாப்பிடக்கூடிய பேனாவால் பெயர் எழுதுவாளாம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரு பெயரும் விட்டுப் போகக் கூடாது, பள்ளியில் பட்டியல் வாங்கி வைத்திருக்கிறேன் என்றாள். எனக்கு அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்தது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஃபாண்டன்ட் கேக் நம் ஊர்க் காற்றில் வியர்த்து நிறம் வழியும். அதற்கு அட்டைப் பெட்டிக்குள் வைத்தே ஃப்ரிட்ஜில் வை, வெளியே எடுத்தபின் இரண்டு மணி நேரம் பெட்டியைத் திறக்காதே. பனி பெட்டி மேல் படியும், கேக் மேல் படியாது. ஆட்டோவில் மடியில் வைக்காதே. மடி சரிவு. கால் வைக்கிற தரையில் ஈரத்துணி விரித்து அதன் மேல் வை.

கிளம்பும்போது மஃபின் மிக்ஸை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பையில் போட்டாள். வாசலில் செருப்பைப் போடும்போது நினைவு வந்து நான்தான் கூப்பிட்டேன். பெட்டி மூடியின் மேல் பெரிய எழுத்தில் எழுதிவிடு: உள்ளே ஸ்ட்ரா நான்கு, நடுவில் அட்டை ஒன்று, மேல்பாதியை வெட்டி முடித்து அட்டையை எடுத்தபின் கீழ்ப்பாதியை வெட்டவும். வெட்டுகிறவர் நான்கையும் எண்ணி எடுத்து வைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் தட்டில் போட வேண்டும்.

"நாலு," என்று விரலைக் காட்டிவிட்டுப் போனாள்.